என் லீகல் ஒப்பீனியனைத் திரும்பப் பெறுகிறேன்: குமரி மாவட்ட மண்டப நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் கல்யாண மண்டபமும் சமுதாயக்கூடமும் நடத்திவரும் ஊர்த் தலைவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், பங்குப்பேரவையாருக்கும், ஜமாஅத்தாருக்கும், சொந்தமாக மண்டபம் வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

உங்களில் சிலருடைய ஆபீஸ் ஃபைலில் ஒரு கடிதத்தின் ஜெராக்ஸ் கிடக்கிறது. என் லெட்டர்ஹெட், என் கையெழுத்து, என் முத்திரை. இதயம் நின்று விழுந்தவருக்கு மின்சார ஷாக் கொடுத்து மறுபடி துடிக்க வைக்கும் ஏ.இ.டி. என்னும் பெட்டி நன்கொடையாக வந்திருக்கிறது, அதை மண்டபத்தில் வைத்தால் சட்டச் சிக்கல் வருமா என்று ஒரு மண்டபக் கமிட்டி என்னிடம் லீகல் ஒப்பீனியன் கேட்டது. பன்னிரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். தகுதியுள்ள மருத்துவர் நேரில் இல்லாதபோது மேற்படி கருவியை எவரும் கையாளக் கூடாது. நிர்வாகியின் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். தவறினால் குற்றவியல், உரிமையியல் நடவடிக்கைகளுக்கு இடம் உண்டு. சாரம் அவ்வளவுதான்.

அது தவறான ஒப்பீனியன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு கமிட்டிக்கு எழுதியதை ஊரறியத் திரும்பப் பெறுவானேன் என்று கேட்பீர்கள். கடிதம் அந்தக் கமிட்டியோடு நிற்கவில்லை. தோவாளையிலிருந்து கொல்லங்கோடு வரை வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. தக்கலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அந்த மண்டபத்து மேனேஜர் என் கடிதத்தை என்னிடமே நீட்டி, "நாரோயில்ல பெரிய வக்கீல் ஒருத்தரு எழுதினது சாரே" என்றார். என் முகம் அவருக்குத் தெரியாது.

இந்த மடலில் என் பெயரைப் போடவில்லை. போட்டால் எந்த மண்டபம், இறந்தவர் யார் என்பது ஒரு மணி நேரத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்த வீட்டார் இப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் கையில் இருப்பவர்கள் அடியில் முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி முகூர்த்தம். முதல் பந்தி எழுந்து, இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல் குழுவில் ஒருவர், வயது 52, ராத்திரி ஒரு மணியிலிருந்து அடுப்படியில் நின்றவர். விடியற்காலையில் நெஞ்சு எரிகிறது என்றிருக்கிறார். வாயுவாக இருக்கும் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்தார். வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். இரண்டு பேர் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். அவர் வாயைத் திறந்து திறந்து இழுத்தார். "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்று ஒரு பெரியவர் எல்லோரையும் அமர்த்தினார். அது மூச்சல்ல. இதயம் நின்ற பிறகும் உடம்பு சில நிமிடம் அப்படி இழுக்கும்.

பெண் வீட்டார் பக்கம் நர்ஸிங் படிக்கும் பிள்ளை ஒன்று ஓடி வந்தது. அவரை மல்லாத்திப் போட்டு நெஞ்சில் அழுத்தத் தொடங்கியது. அழுத்திக்கொண்டே, "வாசல்ல ஏ.இ.டி. இருக்குன்னு கல்லு பதிச்சிருக்கே, அது எங்க?" என்று கத்தியிருக்கிறது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஊர்ப்பெண் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. அவர் பெயரும் தேதியும் பொறித்த பளிங்குக் கல் வாசலில் பளபளவென்று இருக்கிறது. பெட்டி மேனேஜர் அறை அலமாரியில் இருந்தது. மேனேஜர் கூடுதல் இலை வாங்க வடசேரிச் சந்தைக்குப் போயிருந்தார். சாவி அவரோடு போய்விட்டது.

108 பதினான்கு நிமிடத்தில் வந்தது. முகூர்த்த நாள் நெரிசலில் அதைத் தாமதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்து, முடிந்துவிட்டது என்றார்கள்.

அன்று சாயங்காலம் கமிட்டித் தலைவர் எனக்குப் போன் செய்தார். நல்ல மனுஷன், அழுதிருந்த குரல். ஆனாலும் கேட்டார்: "வக்கீலே, நீங்க எழுதித் தந்தது போல ஒருத்தனும் தொடல்ல. பூட்டினபடியேதான் கெடந்துது. நமக்கு கேஸ் ஒண்ணும் வராதுல்லா?"

வராது என்றேன். அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பெட்டி திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் எழுத மாட்டேன். கோர்ட்டில் நிரூபிக்க முடியாததை மடலிலும் எழுதக் கூடாது. ஆனால் சில கணக்குகள் இருக்கின்றன. நெஞ்சழுத்தமும் ஷாக்கும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் ஏ.இ.டி. வைத்து, அங்கே வாசல் காக்கிற செக்யூரிட்டிகளுக்குப் பழக்கிவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2000ல் வெளியானது. விழுந்த 3 நிமிடத்துக்குள் முதல் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். கொடுத்தவர்களில் டாக்டர் இல்லை. தொப்பி போட்ட காவலாளிகள். நம் மண்டபத்தில் பெட்டி இருந்த அலமாரிக்கும் அவர் விழுந்த தொட்டிக்கும் முப்பது அடி இருக்கலாம்.

இந்த மாவட்டத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. நெய்யூரில் 1838லேயே இங்கிலீஷ் வைத்தியம் வந்துவிட்டது. எவரெஸ்டில் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் அங்கேதான் பல வருஷம் ஆபரேஷன் கத்தி பிடித்தார். இன்று ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, மீறினால் திருவனந்தபுரம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு நெஞ்சுவலி என்றால் வண்டி எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்த ஞானமெல்லாம் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறவருக்கு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைபடுவது. அவர் பேசுவார், வியர்ப்பார், வண்டியில் ஏறி உட்காருவார். இதயம் நின்று விழுந்தவர் வேறு. அவருடைய இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும், இரத்தம் எங்கும் போகாது. முதலாவது முற்றி இரண்டாவதில் முடியலாம், அன்றைக்கு அடுப்படியில் நடந்தது அதுவாகவே இருக்கலாம். இரண்டாவதற்குத் திருவனந்தபுரம் உதவாது. மண்டபத்துக்குள் இருக்கிற கைகள்தான்.

இனி நான் எப்படி அந்த ஒப்பீனியனை எழுதினேன் என்பது.

முப்பது வருஷமாக நிலப் பத்திரம் பார்த்து பேங்குக்கு ஒப்பீனியன் எழுதிப் பழகிய கை இது. தாய்ப்பத்திரத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் ‘வேண்டாம்’ என்று எழுதிவிடுவேன். நிலத்தில் அது சரி. வாங்காமல் விட்ட ஐந்து சென்டுக்காக யாரும் செத்துப்போவதில்லை. அதே கையோடு இதையும் எழுதினேன். பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நெட்டில் தேடினேன். டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவிக்கு இங்கிலீஷ் பெயர்) வழக்கு, கோடிக்கணக்கில் இழப்பீடு, கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று வரிசையாக வந்தது. தலைப்புகளைப் படித்துவிட்டு, தொடாதே என்று எழுதிவிட்டேன். உள்ளே போய் வாசித்தது அவர் இறந்த பிறகு.

அந்த வழக்குகளை உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதே தலைப்புகள்தான் உங்கள் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகின்றன.

அவற்றில் பெரியவை எல்லாம் நெஞ்சுக்குள் வைத்துத் தைக்கிற டிஃபிப்ரிலேட்டரைப் பற்றியவை. கைடன்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஒரு மாடலில் உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகும் கோளாறு இருந்தது. கம்பெனிக்கு 2002லேயே தெரியும். புதிதாகச் செய்தவற்றில் திருத்திக்கொண்டது, பழைய சரக்கையும் விற்றுத் தீர்த்தது, டாக்டர்களிடம் வாய் திறக்கவில்லை. 2005ல் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் சைக்கிள் ஓட்டப் போன இடத்தில் விழுந்து இறந்தார். நெஞ்சில் இருந்த பெட்டி அவருக்கு உதவ வேண்டிய நேரத்தில் உதவவில்லை. விஷயம் பத்திரிகைக்கு வந்து, கருவிகள் திரும்பப் பெறப்பட்டு, கடைசியில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய தண்டம் 29.6 கோடி டாலர். இன்னொன்று மெட்ரானிக் கம்பெனியின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற கம்பி. பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் அந்தக் கம்பி முறிந்து, ஒன்றுமில்லாத நேரத்தில் ஆளுக்கு ஷாக் அடித்தது. 2007ல் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குள் இரண்டரை லட்சத்துக்கு மேல் கம்பிகள் உலகம் முழுக்க நெஞ்சுகளுக்குள் போயிருந்தன. அங்கே இப்படிப்பட்ட வழக்குகளுக்கே ஒரு கதவு அடைபட்டுக் கிடக்கிறது: மத்திய அரசின் முழு அனுமதி பெற்ற கருவி என்றால் மாநிலச் சட்டப்படி வழக்குப் போட முடியாது என்று 2008ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அப்படிக் கதவை அடைக்கவில்லை. கோளாறான பொருளைச் செய்தவரையும் விற்றவரையும் கேட்க அதில் தனி அத்தியாயமே உண்டு.

இந்த வழக்குகளில் எதிலாவது, கீழே விழுந்தவனுக்கு ஷாக் கொடுத்தவன் பிரதிவாதியா? இல்லை. கோளாறை மறைத்த கம்பெனிதான் பிரதிவாதி. கொலையாளியைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு டாக்டரைக் கண்டு பயந்தவன் கதை என்னுடையது.

மண்டபத்துக்கு நெருங்கி வருகிற வழக்கு ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் டார்கெட் என்ற பெரிய கடையில் 2008ல் ஒரு பெண்மணி சாமான் வாங்கிக்கொண்டிருக்கும்போது விழுந்து இறந்தார். கடையில் ஏ.இ.டி. இல்லை. வீட்டார் வழக்குப் போட்டது எதற்காக? ஏன் வைக்கவில்லை என்று. வாடிக்கையாளருக்காகப் பெட்டி வைக்கும் பொதுக்கடமை கடைக்குக் கிடையாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னது. தீர்ப்பு கடைக்குச் சாதகம். ஆனால் கேள்வியைக் கவனியுங்கள்: ஏன் இல்லை என்பதுதான் கேள்வி, ஏன் தொட்டாய் என்பதல்ல.

இன்னும் ஒன்று. பெட்டியை எடுத்து உபயோகித்தவருக்கும் வாங்கி வைத்தவருக்கும் பாதுகாப்பு கொடுத்து அமெரிக்கா 2000த்திலேயே சட்டம் போட்டிருக்கிறது. வாங்கி வைத்தவர் அந்தப் பாதுகாப்பை எப்போது இழப்பார் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். பெட்டி இருக்கும் இடத்தை ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெரிவிக்காமல் விட்டால், பராமரித்துச் சோதிக்காமல் விட்டால், அதை எடுக்கக்கூடிய தன் ஊழியருக்குப் பழக்காமல் விட்டால். ஏழு கடல் தாண்டிய சட்டம், நம்மைக் கட்டாது. ஆனாலும் என் ஒப்பீனியனுக்கு அது கண்ணாடி பிடித்தது. அவர்கள் எதையெல்லாம் குற்றம் என்றார்களோ அதையெல்லாம் நான் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறேன்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 92. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருக்கிற ஒருவருக்கு, அவர் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்த செயல், அதனால் அவருக்குக் கெடுதல் வந்தாலும் குற்றம் ஆகாது. அந்தப் பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் இருக்கின்றன. சட்டக்கல்லூரியில் படித்து மறந்தே போயிருந்தேன். ஒரு ஆளைப் புலி தூக்கிக்கொண்டு போகிறது. இன்னொருவன் புலியைச் சுடுகிறான். குண்டு ஆள்மேல் பட்டாலும் படும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவனைக் காப்பாற்றத்தான் சுடுகிறான். குண்டு பட்டு ஆளுக்குச் சாவுக்காயம். சுட்டவன் குற்றவாளி இல்லை. இன்னோர் உதாரணம்: தீப்பிடித்த வீட்டில் குழந்தையோடு ஒருவன் மாடியில் நிற்கிறான். கீழே ஆட்கள் கம்பளி விரித்துப் பிடிக்கிறார்கள். விழுந்து சாகக்கூடும் என்று தெரிந்தே குழந்தையைப் போடுகிறான். குழந்தை இறந்தாலும் அவன்மேல் குற்றம் இல்லை. 1860ல் எழுதியது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு நான் புலியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. புலிவாயில் இருக்கிறவன் எப்படியும் போகப்போகிறவன். இதயம் நின்றவனும் அப்படித்தான். சுடாமல் நின்றவனுக்குத்தான் நான் ஒப்பீனியன் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பெட்டி துப்பாக்கி அளவுக்குக்கூட ஆபத்தானதல்ல. இரண்டு பட்டையை நெஞ்சில் ஒட்டினால் அதுவே இதயத்தின் ஓட்டத்தைப் படிக்கிறது. ஷாக் தேவைப்படும் நடுக்கம் இருந்தால்தான் மின்சாரம் ஏற்றும். மயங்கி விழுந்தவருக்கு, வலிப்பு வந்தவருக்கு, நீங்களே பட்டனை அமுக்கினாலும் கொடுக்காது. என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே வரும். பெரும்பாலானவை நேரத்தையும் இதய வரைவையும் பதிந்து வைக்கும். வக்கீல் கண்ணுக்கு அதுதான் முதலில் பட வேண்டும். எத்தனை மணிக்குத் திறந்தார்கள், இதயம் எப்படி இருந்தது, என்ன செய்தார்கள் என்று பெட்டியே சாட்சி சொல்லும். குறுக்கு விசாரணையில் குழம்பாத சாட்சி.

"நெஞ்சை அமுக்கி எலும்பு முறிஞ்சா?" என்று ஒரு கமிட்டியில் கேட்டார்கள். முறியலாம். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்தினால் வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சகஜம். சாவைத் தடுப்பதற்காக ஏற்பட்ட காயத்தை 30ஆம் பிரிவு தாங்கும். கவனக்குறைவால் மரணம் என்று 106ஆம் பிரிவில் கேஸ் போடுவார்களோ என்ற பயத்துக்கு, டாக்டர்கள் விஷயத்திலேயே சுப்ரீம் கோர்ட் 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் கோடு கிழித்துவிட்டது: சாதாரணப் பிசகு போதாது, மிகக் கொடிய அளவுக்குக் கவனக்குறைவு இருந்தால்தான் குற்றவழக்கு. ஓடி வந்து உதவிய பந்திக்காரனை டாக்டரைவிடக் கடுமையாகவா அளப்பார்கள்?

இன்னொரு கேள்வியை யாரும் சபையில் கேட்கவில்லை, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விழுந்தது பெண்பிள்ளை என்றால்? பட்டையை வெறும் தோலில் ஒட்ட வேண்டும், ரவிக்கையை வெட்ட வேண்டியிருக்கும். நாளைக்கு வேறு மாதிரி கேஸ் ஆகிவிட்டால்? மானபங்கக் குற்றத்துக்கு அந்த எண்ணம் வேண்டும். நூறு பேர் பார்க்க, 108க்குப் போன் போட்டுக்கொண்டே, பெட்டி சொல்வதைக் கேட்டுச் செய்கிறவனிடம் அந்த எண்ணத்தைக் காட்ட எந்த வக்கீலாலும் ஆகாது. நாலு பெண்கள் சேலையை விரித்து மறைப்பு பிடிக்கட்டும். தாலிச் சங்கிலியை ஓரமாகத் தள்ளுங்கள், கழற்றிக்கொண்டு நிற்காதீர்கள். வியர்வையைத் துடையுங்கள். ஒரு பட்டை வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். காறையெலும்புக்கடியில் தோலுக்குள் தீப்பெட்டி போல ஒரு புடைப்பு இருந்தால் அவருக்கு ஏற்கனவே உள்ளே கருவி வைத்திருக்கிறார்கள். பட்டையை அதன்மேல் ஒட்டாமல் விலக்கி ஒட்டுங்கள். படமே பட்டையில் போட்டிருக்கும்.

போலீஸ் வருமா என்றால், வரலாம். பொது இடத்தில் திடீர்ச் சாவு என்றால் வந்து விசாரிப்பார்கள், ஸ்டேட்மென்ட் வாங்குவார்கள். பெட்டியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் வருவார்கள்.

உங்கள் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் தொந்தரவு செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2016ல் உத்தரவு போட்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது வந்தது. உதவியவருக்கு அதில் வைத்த பெயர் ‘நல்ல சமாரியன்’. ஆனால் அந்தப் பிரிவு மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பைக்கிலிருந்து விழுந்தவரைத் தூக்கினால் சட்டம் பெயர் சொல்லி உங்களைக் காக்கும். மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைத் தூக்கினால் பெயர் சொல்லாது. நீங்கள் புலிக்கதையைத் தேடிப் போக வேண்டும். இந்த மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், பைபிள் கதையில் அந்த நல்ல சமாரியன் தூக்கிவிட்ட, எரிகோவுக்குப் போகிற வழியில் கிடந்த மனுஷன் பைக்கிலிருந்து விழுந்தவன் இல்லை. நம் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போகிறவர்கள் 6 பேர். நெஞ்சழுத்தமும் ஷாக்கும் கொடுத்தவருக்குப் பெயர் சொல்லிப் பாதுகாப்பு தரும் ஒரு மாநிலச் சட்டத்தை அவர்களிடம் நாம் கேட்கலாம். மனு எழுதித் தருவது என் வேலை. அதுவரைக்கும் பெட்டியைப் பூட்டி வைக்க அது காரணமாகாது.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. பெட்டியைத் தொட்டவனுக்கு வராத வழக்கு, பெட்டியைப் பூட்டியவனுக்கு வரலாம். மண்டபத்துக்கு வாடகை வாங்குகிறீர்கள், அது சேவை. வாசலில் கல் பதித்து, இங்கே உயிர்காக்கும் கருவி உண்டு என்று விளம்பரம் செய்கிறீர்கள். கருவி அலமாரியில், சாவி வடசேரியில். இது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் ஒருவர் வாதாடினால் எடுபடுமா? பிழைத்திருப்பார் என்று நிரூபிப்பதுதான் அவருக்குக் கஷ்டம். மற்றதெல்லாம் சுலபம். எதிர்த்தரப்பில் நான் நின்றால் அந்தக் கல்லையே போட்டோ எடுத்து முதல் எக்சிபிட்டாக மார்க் பண்ணுவேன். இரண்டாவது எக்சிபிட், நான் எழுதிய கடிதம்.

பூட்டாமல் வைத்தாலும் போதாது. பட்டைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. உள்ளே இருக்கும் பசை காய்ந்தால் ஒட்டாது. பேட்டரி சில வருஷத்தில் தீரும். பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டும். ஆனால் அலமாரிக்குள் எரிகிற விளக்கை யார் பார்ப்பது? குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மண்டபம் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று மின்விசிறியை என்ன செய்கிறது என்று தெரியும். கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரைப் பார்க்கிற ஆளிடமே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுங்கள். மாதம் ஒரு தடவை தேதி, விளக்கின் நிறம், பட்டையின் காலாவதி, கையெழுத்து. இவ்வளவுதான். வழக்கு என்று ஒன்று வந்தால் எனக்கு உங்கள் வாய்மொழி வேண்டாம், அந்த நோட்டு வேண்டும்.

பெட்டியைக் கைகழுவும் இடத்துக்குப் போகிற வழியில், கண் மட்டத்தில், பூட்டில்லாமல் மாட்டுங்கள். திருட்டுப் போகும் என்றால் திறந்ததும் மணியடிக்கும் கண்ணாடிப் பெட்டி கிடைக்கிறது. பழக்க வேண்டியது கமிட்டி உறுப்பினர்களை அல்ல. அவர்கள் முதல் வரிசை நாற்காலியில் இருப்பார்கள். வாட்ச்மேன், ஜெனரேட்டர் பையன், சமையல் குழு, பந்தி விளம்புகிறவர்கள், மேளக்காரர்கள். ஒரு முகூர்த்தமில்லாத நாளில் ஒரு மணி நேரம் போதும், பொம்மை வைத்து அழுத்திப் பார்க்க. கோயில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சிவாலய ஓட்டத்தில் திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு கோயிலுக்கும் விரதமிருந்த வயிற்றோடு மாசி வெயிலில் ஓடுகிறார்கள். மோரும் பானகமும் கொடுக்கிற பந்தலில் இந்தப் பெட்டியும் ஒன்று இருக்கட்டும்.

குவைத்திலிருந்து அந்தப் பெண் எனக்குப் பேசினார். திட்டுவார் என்று நினைத்தேன். "சார், பேட்ஸ் எக்ஸ்பைரி ஆகப் போகுது, அடுத்த லீவுக்கு வரும்போ கொண்டு வரட்டா?" என்று கேட்டார். பெட்டியை இறக்கிவிட்டார்களா என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை.

இறந்தவரின் மனைவியும் மூத்த மகனும் என் ஆபீசுக்கே வந்தார்கள். யார் எழுதியதால் பெட்டி பூட்டிக் கிடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஊரில் கேட்டதில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வழக்கை நான் எடுக்க முடியாது, வேண்டுமானால் நான் சாட்சி என்றேன். அப்போது நடப்பில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923ன் கீழ் சமையல் காண்டிராக்டரிடம் கேட்க வழி இருக்கிறது, ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்ற வேலைப்பளுதான் காரணம் என்று காட்ட வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, ஒரு ஜூனியரின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். மகன் வாங்கிக்கொண்டான். போகும்போது, "அந்தப் பெட்டி இப்பவும் பூட்டித்தான் இருக்கா சார்?" என்றான்.

மறுநாள் கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனேன். அலமாரியைத் திறந்து, பெட்டியை எடுத்து, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் நாங்கள் இரண்டு பேரும் நின்று ஆணியடித்து மாட்டினோம். குவைத்துக்கும் அந்தப் பையனுக்கும் போட்டோ அனுப்பினேன்.

உங்கள் ஃபைலில் இருக்கும் ஜெராக்ஸின் குறுக்கே சிவப்பு மையால் ‘ரத்து’ என்று எழுதி, இந்த மடலை அதோடு பின் அடித்து வையுங்கள். புதிய ஒப்பீனியன் வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், ஃபீஸ் இல்லை. வருகிறவர் கையில் உங்கள் பெட்டியில் இருக்கும் பட்டையின் காலாவதித் தேதியை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகுதான் எழுதித் தருவேன்.

இப்படிக்கு,
முத்திரையைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்த நாகர்கோவில் வக்கீல்